தண்டுவடக் கட்டியை எடுத்த பிறகு கால் இருக்கும் இடம் தெரியாமல் போவது ஏன், அம்மா எப்போது நடப்பார்?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தில் முதலில் சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்கு வயது 48. வீட்டிலேயே தையல் வேலை. நெஞ்சுப் பகுதியில், டி4 முதல் டி6 வரை (அந்தப் பகுதி முதுகெலும்புகளின் எண்கள் இவை), தண்டுவடத்துக்கு உள்ளேயே எபெண்டைமோமா என்ற கட்டி. ஐந்து வாரத்துக்கு முன் ஆபரேஷன். கட்டி முழுவதும் வந்துவிட்டது, பயாப்சியில் கிரேடு 2 (கட்டியின் தீவிரத்தைச் சொல்லும் எண்) என்றார்கள். ஆபரேஷனுக்கு முன்னால் கால் மரத்துப்போயிருந்தாலும் ரேஷன் கடை வரை தானே நடந்து போய்வந்தவர், இப்போது இரண்டு பேர் பிடித்தாலும் நிற்க முடியவில்லை. டாக்டர் "கால்ல பவர் 4 இருக்கு, நல்லாத்தான் இருக்கு" என்கிறார். அம்மாவோ "கால் எங்க இருக்குன்னே தெரியலடா" என்கிறார். யூரின் டியூப் இன்னும் எடுக்கவில்லை. பெரியம்மா தைலம் போட்டு உருவி, சுடுதண்ணீர் ஒத்தடம் கொடுக்கச் சொல்கிறார். நீங்கள் கேட்டது, எத்தனை மாதத்தில் நடப்பார் என்று. ஆனால் உங்கள் வரிகளில் இன்னொரு கேள்வியும் இருக்கிறது. நடந்துகொண்டிருந்தவரை ஆபரேஷனுக்கு அனுப்பி நாமே படுக்க வைத்துவிட்டோமோ என்ற பயம் அது. அதற்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும்.

நான் பிஸியோதெரபிஸ்ட். 19 வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன், அதில் பாதிக்கு மேல் முதுகுத் தண்டு நோயாளிகளோடு. அறுவை சிகிச்சை நிபுணர் கிடையாது. உங்கள் அம்மாவின் எம்ஆர்ஐ படத்தையும் நான் பார்க்கவில்லை. ஆகவே கட்டியைப் பற்றிய முடிவுகளை அவருடைய டாக்டரிடமே விட்டுவிட்டு, அம்மாவின் கால், சிறுநீர்ப்பை, தோல், அன்றாடம் இவற்றைப் பற்றி எழுதுகிறேன்.

நீங்கள் தவறு எதுவும் செய்யவில்லை. நெஞ்சுப் பகுதியில் தண்டுவடம் நம் சுண்டுவிரல் பருமன்கூட இருக்காது. அதன் நடுவில் ஒரு கட்டி மெல்ல வளரும்போது சுற்றியிருக்கும் நரம்பிழைகள் நசுங்கி மெலிந்து ஓரத்துக்குப் போகின்றன. அப்படியே விட்டிருந்தால் மரத்துப்போனது பலவீனமாகி, பலவீனம் செயலிழப்பாகியிருக்கும். அந்த நிலைக்குப் போன பிறகு கட்டியை எடுத்தாலும் போன சக்தி பெரும்பாலும் முழுதாகத் திரும்புவதில்லை. இந்த அறுவை சிகிச்சையில் எல்லா டாக்டர்களும் ஒத்துக்கொள்ளும் விஷயம் ஒன்று உண்டு: பின்னால் ஒருவர் எப்படி இருப்பார் என்பதைச் சொல்ல, ஆபரேஷனுக்கு முன் அவர் எப்படி இருந்தார் என்பதுதான் மிகப் பெரிய அடையாளம். உங்கள் அம்மா நடந்துபோய் அட்மிட் ஆனவர். அது அவர் பக்கம் இருக்கும் பெரிய பலம்.

பிறகு ஏன் முன்னைவிட மோசமாக இருக்கிறார்? டாக்டர் சொல்வதும் உண்மை, அம்மா சொல்வதும் உண்மை. இருவரும் இரண்டு வேறு நரம்புப் பாதைகளைப் பற்றிப் பேசுகிறார்கள். தசைக்குக் கட்டளை கொண்டுபோகும் பாதை ஒன்று. 0 முதல் 5 வரை பவர் பார்ப்பது அதைத்தான். 4 என்றால் நல்ல பவர், கையால் தடுத்தாலும் எதிர்த்துத் தூக்குகிறார் என்று அர்த்தம். இன்னொன்று, கால் எங்கே இருக்கிறது, மடங்கியிருக்கிறதா நீட்டியிருக்கிறதா என்று மூளைக்குச் சேதி சொல்லும் பாதை. அது தண்டுவடத்தின் பின்புறத்தில், இடமும் வலமுமாக இரண்டு தூண்கள் போல ஓடுகிறது. எபெண்டைமோமா தண்டுவடத்தின் மையத்தில் இருப்பதால், அதை அடைய அந்த இரண்டு தூண்களுக்கு நடுவில் இருக்கும் கோட்டில்தான் வழக்கமாகப் பிரித்து உள்ளே போவார்கள். எவ்வளவு மென்மையாகப் பிரித்தாலும் அந்த இழைகள் அதிர்ச்சியடையும், வீங்கும், சில அறுபடவும் செய்யும். அதனால்தான் பலம் இருந்தும் கால் தொலைந்துபோனது போல இருக்கிறது. தண்டுவடத்தின் உள்ளே இருக்கும் கட்டியை எடுத்தவர்களில் பலருக்கும் முதல் சில வாரங்கள் இப்படித்தான் போகும்.

இதை வீட்டிலேயே பார்க்கலாம். அம்மாவைக் கண்ணை மூடச் சொல்லுங்கள். கால் பெருவிரலை இரு பக்கவாட்டிலும் பிடித்துக்கொள்ளுங்கள். மேலும் கீழும் பிடித்தால் அழுத்தத்தை வைத்தே விடை சொல்லிவிடுவார். மெதுவாக மேலே ஒருமுறை, கீழே ஒருமுறை என்று மாற்றி மாற்றி அசைத்து, மேலா கீழா என்று கேளுங்கள். பத்தில் எத்தனை சரி என்று தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள். விரலில் தெரியாவிட்டால் கணுக்காலில், அங்கும் தெரியாவிட்டால் முழங்காலில் பாருங்கள். உணர்வு மெல்லத் திரும்பும்போது சம்பந்தப்பட்டவருக்கே தெரியாது. நோட்டுதான் சொல்லும்.

இந்த வழி புதியது இல்லை. தண்டுவடத்தின் உறைக்குள் இருந்து அதை அழுத்திய கட்டியை முதன்முதலில் எடுத்து நோயாளியை நடக்க வைத்தது 1887இல், லண்டனில், விக்டர் ஹார்ஸ்லி. கட்டி இருக்கும் இடத்தை எம்ஆர்ஐ, எக்ஸ்ரே எதுவும் இல்லாத காலத்தில் உடம்பைச் சோதித்தே கணித்தவர் வில்லியம் கவர்ஸ். ஆனால் அது தண்டுவடத்துக்கு வெளியே இருந்த கட்டி. உள்ளே இருக்கும் கட்டிகளுக்கு நியூயார்க்கில் சார்லஸ் எல்ஸ்பெர்க் 1911இல் ஒரு முறையை எழுதினார்: தண்டுவடத்தைப் பின்பக்கம் கீறிவிட்டு மூடிவிடுவது, ஏறக்குறைய ஒரு வாரத்தில் கட்டி தானாகவே வெளியே பிதுங்கி வரும், அப்போது மறுபடி திறந்து எடுப்பது. இன்று மைக்ரோஸ்கோப் இருக்கிறது, நரம்பு சேதி ஓடுகிறதா என்று ஆபரேஷன் நடக்கும்போதே கண்காணிக்கும் கருவி இருக்கிறது, ஒரே அமர்வில் முடித்துவிடுகிறார்கள். உள்ளே போகும் வாசல் மட்டும் பெரும்பாலும் அதே பின்பக்கம்தான். அந்த வாசலின் இரு நிலைகளும் அம்மாவின் கால் உணர்வைச் சுமக்கும் தூண்கள்.

இனி மாதக் கணக்கு. எனக்கு உறுதியாகத் தெரிந்தது: தசை பலம் முதல் மூன்று மாதத்தில் வேகமாகவும், ஆறு மாதம் வரை கண்ணுக்குத் தெரியும்படியும், அதன் பிறகு ஒரு வருடம், சிலருக்கு இரண்டு வருடம் வரை மெதுவாகவும் கூடும். ஐந்து வாரம் என்பது தீர்ப்பு சொல்லும் காலம் இல்லை. இடமறியும் உணர்வு பலத்தைவிடப் பின்தங்கித்தான் வரும், பலருக்கு முழுதாக வராது என்பதும் அதே அளவு உறுதி. இதை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை. எனக்குச் சந்தேகமாக இருப்பது, அம்மாவுக்கு எவ்வளவு திரும்பும் என்பது. அறுபட்ட இழை எத்தனை, வெறுமனே வீங்கிய இழை எத்தனை என்று இப்போது யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. "மூன்று மாதத்தில் நடக்க வைக்கிறேன், மொத்தமாகப் பணம் கட்டுங்கள்" என்று யாராவது சொன்னால் கட்டாதீர்கள். என்னிடம் கேட்டால், முன்னே நடந்தவர், பவர் 4, கட்டி முழுதாக வந்தது, இந்த மூன்றையும் வைத்து, கைப்பிடியோடோ வாக்கரோடோ வீட்டுக்குள் நடப்பார் என்றே எதிர்பார்ப்பேன். துணையில்லாமல் தெருவில் நடப்பாரா என்பதை ஆறாவது மாதம் கேளுங்கள்.

அந்த உணர்வு முழுதாக வராவிட்டாலும் நடக்க முடியும். அந்த வேலையைக் கண் எடுத்துக்கொள்ளும். இதைக் கண்டுபிடித்தவர் சுவிட்சர்லாந்தின் ஹைடன் என்ற ஊரில் இருந்த ஹைன்ரிஷ் ஃப்ரெங்கல் என்ற டாக்டர், 19ஆம் நூற்றாண்டின் கடைசியில். சிஃபிலிஸ் முற்றி இதே பின்பக்கத் தூண்கள் கெட்டுப்போன நோயாளிகள் அவரிடம் வந்தார்கள். ஒரு நோயாளியால் விரலை மூக்கில் சரியாக வைக்க முடியவில்லை. அடுத்த முறை வந்தபோது சரியாக வைத்தார். எப்படி என்று கேட்டால், தேர்வில் தேற வேண்டுமே என்று வீட்டில் பழகினாராம். நரம்பு குணமாகவில்லை, பழக்கம் வேலை செய்திருக்கிறது என்று ஃப்ரெங்கல் பிடித்துக்கொண்டார். அவர் வகுத்த பயிற்சிகளைத்தான் நாங்கள் இன்றும் செய்கிறோம். பலம் கூட்டும் பயிற்சி இல்லை இது. மெதுவாக, எண்ணிக்கொண்டு, பார்த்துக்கொண்டு, குறி தவறாமல் காலை வைக்கும் பயிற்சி.

படுத்த நிலையில், தலையணை வைத்துக் கால் கண்ணுக்குத் தெரியும்படி தலையை உயர்த்திக்கொண்டு, ஒரு குதிகாலை மறுகாலின் முழங்கால் மேல் வைத்து, முன்னெலும்பின் மேலேயே கணுக்கால் வரை இறக்க வேண்டும். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று அம்மாவே வாய்விட்டு எண்ணட்டும். வழியில் கால் நழுவினால் மறுபடி முதலிலிருந்து. நாற்காலியில் உட்கார முடிந்ததும் என் வழக்கம் இது: கோலமாவால் தரையில் நான்கு புள்ளி வைத்து, நான் சொல்லும் புள்ளியில் குதிகாலை வைக்கச் சொல்வேன். புள்ளிக்கோலம் போட்டே வளர்ந்த பெண்களுக்கு அந்த இடைவெளி மனசில் இருக்கிறது, எக்ஸ் குறி போட்ட அட்டையைவிட இதில் சீக்கிரம் தேறுகிறார்கள். மாவில் பதிந்த தடம் எவ்வளவு விலகியது என்று அவர்களே குனியாமல் பார்த்துக்கொள்ளவும் முடிகிறது. கொலுசு போடும் பழக்கம் இருந்தால் வீக்கமோ புண்ணோ இல்லாத காலில் தளர்வாகப் போட்டுவிடுங்கள். கால் தரையைத் தொட்டதைக் காது சொல்லும். ஒரு தடவைக்கு பத்து நிமிடம், நாளைக்கு நாலைந்து தடவை. சோர்ந்துபோய்ச் செய்தால் தப்பான அசைவுதான் பழகும். நிற்கும் பயிற்சியை மட்டும் பிஸியோ ஒருவர் நேரில் இருந்து தொடங்க வேண்டும், கண்ணாடி முன்னால், இரு பக்கமும் பிடிமானத்தோடு.

என்னிடம் வந்த ஒரு டீ மாஸ்டர் ஐந்தாவது மாதம் வார்டுக்குள் கைத்தடியோடு நடந்தார். வீட்டுக்குப் போன வாரமே விழுந்தார். ராத்திரி கரண்ட் போயிருக்கிறது. கண்ணை நம்பி நடப்பவருக்கு இருட்டில் கால் இல்லை என்பதை அவருக்கு நான் அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. அதிலிருந்து எல்லாரிடமும் சொல்கிறேன்: படுக்கையிலிருந்து பாத்ரூம் வரை இரவு முழுவதும் விளக்கு எரிய வேண்டும், கரண்ட் போனால் தானாக எரியும் விளக்கு ஒன்று தலைமாட்டில் இருக்க வேண்டும். குளிக்கும்போது சோப்பு நுரைக்குக் கண்ணை மூடுவோம், அந்த நொடியில் சாய்வார். ஆகவே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துதான் குளியல். ஹவாய் செருப்பு வேண்டாம், கழன்று விழுந்தால்கூடத் தெரியாது. பின்வார் வைத்த செருப்பு வாங்குங்கள்.

நடையைவிட எனக்குக் கவலை தருவது அந்த யூரின் டியூப். ஐந்து வாரமாக இருக்கிறது, எடுப்பதைப் பற்றி யாரும் பேசவில்லை என்கிறீர்கள். நீங்களே கேளுங்கள். டியூபை எடுத்துப் பார்த்து, தானாகப் போன பிறகு சிறுநீர்ப்பையில் எவ்வளவு மிச்சம் நிற்கிறது என்று ஸ்கேனில் அளப்பார்கள். நிறைய நின்றால் நாலைந்து மணி நேரத்துக்கு ஒருமுறை மெல்லிய டியூபை நாமே விட்டு வடித்துவிட்டு உடனே எடுத்துவிடும் முறை இருக்கிறது. அமெரிக்காவில் ஜாக் லாபிடஸ் என்ற டாக்டர் 1970களின் தொடக்கத்தில் பரப்பியது. கிருமியே இல்லாத சுத்தம் தேவையில்லை, கை கழுவிய சுத்தம் போதும், பை நிரம்பி விரியாமல் இருப்பதுதான் முக்கியம் என்று காட்டினார். நிரந்தர டியூபைவிட இதில் கிருமித்தொற்று குறைவு, கிட்னிக்கும் பாதுகாப்பு. பெண்கள் முதலில் கூச்சப்படுவார்கள். ஒரு நர்ஸ் கண்ணாடி வைத்துச் சொல்லிக்கொடுத்தால் பெரும்பாலோர் ஒரு வாரத்தில் பழகிவிடுகிறார்கள். மலச்சிக்கலுக்கு, சாப்பிட்டு அரை மணிக்குள் தினமும் ஒரே நேரத்தில் உட்கார வையுங்கள். சாப்பிட்டதும் குடல் தானாக அசையும், அதைப் பயன்படுத்திக்கொள்வதுதான்.

பெரியம்மா அன்பில் சொல்கிறார், அவரை நோகடிக்க வேண்டாம். தோல் வறளாமல் கையால் மெதுவாக எண்ணெய் தடவட்டும், தொடும் உணர்வும் நல்லதே. அழுத்தி உருவுவது வேண்டாம். அசையாமல் கிடந்த காலின் ஆழ்நரம்பில் ரத்தம் உறைந்திருக்கலாம், உருவினால் அந்த ரத்தக்கட்டி நகர்ந்து நுரையீரலை அடைக்கலாம். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாக, மற்றதைவிடத் தடிமனாக இருந்தால் அன்றே டாக்டரிடம் போக வேண்டும். ஒத்தடம் கூடவே கூடாது. கட்டி தண்டுவடத்தின் மையத்தில் இருந்ததால் சூடு அறியும் இழைகளும் கெட்டிருக்க வாய்ப்பு அதிகம். சுடுதண்ணீர்ப் பை வைத்த குதிகால் தோலோடு கழன்று வந்ததை நான் பார்த்திருக்கிறேன், அந்த அம்மாவுக்கு வலியே தெரியவில்லை. அந்தப் புண் ஆறும் வரை நிற்கும் பயிற்சியே நின்றுபோயிற்று. அதே காரணத்துக்காக இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வையுங்கள், உடம்பை முறுக்காமல் மரக்கட்டையை உருட்டுவது போல மொத்தமாக. காலையும் மாலையும் வால் எலும்பு, இடுப்பின் இரு பக்கம், குதிகால் மூன்றையும் பாருங்கள். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி விட்டால் வெளுத்துத் திரும்பச் சிவக்க வேண்டும். வெளுக்காவிட்டால் புண் தொடங்கிவிட்டது, அந்தப் பக்கம் படுக்கவே கூடாது.

கால் திடீர் திடீரென்று வெட்டி இழுக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். அது பலம் வருவதன் அடையாளமும் இல்லை, கெடுவதன் அடையாளமும் இல்லை, தண்டுவடம் பாதிக்கப்பட்டால் வரும் இறுக்கம். மெதுவாக நீட்டிப் பிடித்தால் தணியும். இறுக்கத்தைத் தளர்த்தும் பாக்லோஃபென் மாத்திரை கொடுத்திருந்தால் அதை நீங்களாகத் திடீரென்று நிறுத்தக் கூடாது, ஆபத்து. நெஞ்சைச் சுற்றி வார் போட்டு இறுக்குவது போலவும், காலில் மிளகாய் அரைத்துப் பூசியது போல எரிச்சலாகவும் இருந்தால் அது நரம்பு வலி. சாதாரண வலி மாத்திரை கேட்காது, அதற்கென்று தனி மருந்து உண்டு. தாங்கிக்கொள்ள வேண்டியதில்லை.

ஆறு மாதம் பொறுங்கள் என்று நான் சொல்வது பொருந்தாத சில நிலைகள் உண்டு. கூடிக்கொண்டு வந்த பலம் மறுபடி குறைந்தால், தையல் போட்ட இடத்தில் தண்ணீர் போலத் தெளிந்த நீர் கசிந்தால், எழுந்து உட்கார்ந்தால் தலைவலி வந்து படுத்தால் குறைந்தால், காய்ச்சலோடு கழுத்து விறைத்தால், திடீரென்று மூச்சு வாங்கினால், உடனே ஆபரேஷன் செய்த ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அம்மாவின் கட்டி டி6க்கு மேலே தொட்டிருப்பதால் இன்னொன்றும் உண்டு. திடீரென்று மண்டை பிளக்கிற தலைவலி, முகம் சிவந்து வியர்வை வந்தால், முதலில் அவரை நிமிர்த்தி உட்கார வைத்து, யூரின் டியூப் மடங்கியிருக்கிறதா, அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். சிறுநீர்ப்பை நிரம்பியதால் ரத்த அழுத்தம் எகிறுவது அது. அடைப்பு நீங்கினால் நிமிடங்களில் தணியும், தணியாவிட்டால் அவசரப் பிரிவு.

கட்டி திரும்ப வருமா என்பதை டாக்டரிடம் கேளுங்கள். பொதுவாக, முழுதாக எடுத்த கிரேடு 2க்குக் கதிர்வீச்சு தராமல் எம்ஆர்ஐ மட்டும் எடுத்துக் கண்காணிப்பதுதான் வழக்கம். ஆனால் பல வருடம் கழித்தும் வரக்கூடிய கட்டி இது, நன்றாக நடக்கிறார் என்பதற்காக ஸ்கேனைத் தவறவிடக் கூடாது.

திண்டுக்கல் பக்கம் கிராமம், தினமும் பிஸியோவுக்கு வண்டி வைத்துப் போக வசதியில்லை என்றீர்கள். தமிழக அரசு 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிஸியோதெரபி தருகிறார்கள், உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதியுங்கள். சில வாரம் தங்கிப் பயிற்சி எடுக்க முடிந்தால் இன்னும் நல்லது. தென்காசி பக்கம் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் இருக்கிறது, கழுத்தில் அடிபட்டுக் கை கால் செயலிழந்த ராமகிருஷ்ணன் 1981இல் தொடங்கியது. வேலூர் சிஎம்சியின் மறுவாழ்வு மையம் 1966இல் திறந்தது. அதை உருவாக்கிய டாக்டர் மேரி வர்கீஸ் 1954இல் நடந்த விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தவர். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு ஆபரேஷன் செய்தவர். அம்மாவுக்கு இவர்களைப் பற்றிச் சொல்லுங்கள். நடப்பது எப்போது என்று மட்டுமே வீட்டில் எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தால், நடக்காத ஒவ்வொரு நாளும் அவருக்குத் தோல்வியாகத் தெரியும்.

கடைசியில் ஒரு வரியில் கேட்டிருந்தீர்கள், மிஷினில் எப்போது உட்காரலாம் என்று. எனக்கு உங்கள் கேள்வியிலேயே பிடித்த வரி அதுதான். முன்னால் குனிய எப்போது அனுமதி என்று சர்ஜனிடம் கேளுங்கள், பெரும்பாலும் இரண்டு மூன்று மாதம் ஆகும். கால் முடியாதவருக்குச் சுலபமாக இருக்கட்டும் என்று மோட்டார் மாட்டிவிடாதீர்கள். எவ்வளவு அழுத்துகிறோம் என்று பாதத்துக்குத் தெரியாத நிலையில் மோட்டார் பெடல் ஒரே ஓட்டமாக ஓடும், ஊசி விரலில் இறங்கிவிடும். பழைய கால்மிஷின்தான் வேண்டும். அனுமதி கிடைத்த அன்று ஊசியையும் நூலையும் கழற்றிவிட்டு, பெல்ட் மட்டும் மாட்டி, கையால் சக்கரத்தைத் தன் பக்கமாகத் தள்ளிவிடச் சொல்லுங்கள். பாதம் இரண்டும் மிதியில் இருக்கட்டும், கண் பாதத்தில் இருக்கட்டும். முதல் நாட்களில் சக்கரம் பின்னால் திரும்பும், நிற்கும், மறுபடி தள்ளுவார். பத்து மிதி விடாமல் ஒரே பக்கம் ஓடிய அன்று, உங்கள் நோட்டில் தேதியோடு எழுதிவைத்து எனக்கும் ஒரு வரி போடுங்கள்.